படகில் கால் வைக்கும் முன்

கோடை விடுமுறையோ பெருநாள் விடுமுறையோ வந்துவிட்டால், குடும்பத்துடன் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் புறப்படுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அங்குச் செல்வோர் ஏரியில் படகேறாமல் திரும்புவது அரிது. மிதிபடகும் துடுப்புப் படகும் போதாவென்று, கயாக் எனும் ஒடுங்கிய படகும், நின்றபடியே துடுப்பு வலிக்கும் பலகையும் இப்போது சில நீர்நிலைகளுக்கு வந்துவிட்டன. மகிழ வேண்டிய பொழுதுதான். ஆயினும், படகில் கால் வைக்கும் முன் உங்கள் குடும்பத்தார் ஒவ்வொருவரும் லைஃப் ஜாக்கெட் அணிந்து, அதன் கொக்கிகளை மாட்டியிருக்கின்றனரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் ஈரடுக்குச் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். கரையில் நின்ற விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டபோது படகு சாய்ந்ததாகச் சொல்லப்பட்டது. 2023 மே 7 மாலை, கேரளத்தின் தானூரில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர்; அவர்களுள் பலர் பச்சிளம் பிள்ளைகள். 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா சென்ற 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் மூழ்கினர். அங்கும் பல பிள்ளைகளின் உடலில் லைஃப் ஜாக்கெட் இல்லை.

"எனக்கு நீந்தத் தெரியுமே!" என்பார் சிலர். மலை ஏரியின் நீர் குளிர்ந்தது. அதில் திடீரென விழுபவருக்கு மூச்சு இரைக்கும். முதல் ஒரு நிமிடம் அது அவர் வசப்படாது. சற்று நேரத்தில் கைகளும் வலுவிழக்கும். நீச்சல் அறிந்தவரும் அந்நேரத்தில் திணறுவர். வாயை நீருக்கு மேலே நிறுத்துவது அந்த மிதவைச் சட்டைதான்.

அதையும் பெயரளவில் அணிந்து பயனில்லை. பிள்ளைக்கு அணிவித்தபின் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை காதுவரை ஏறினால் அது பெரியது; நீரில் பிள்ளை அதிலிருந்து நழுவிவிடும். சிறிய அளவு கேளுங்கள். இல்லையென்றால் அந்தப் படகு வேண்டாம். கட்டணத்தைத் திரும்பக் கேட்பதில் வெட்கமென்ன? புர்கா அணியும் சகோதரிகள், அதன் மேலேயே லைஃப் ஜாக்கெட்டை அணிய வேண்டும். உள்ளே மறைத்து அணிவது கூடாது. நீளும் விளிம்பு மிதிகட்டையில் சிக்காதவாறு சற்று உயர்த்திச் செருகிக்கொள்ளுங்கள். படம் எடுப்பதற்கென்று நடு ஏரியில் சட்டையைக் கழற்றுவதும், எழுந்து நிற்பதும் இன்று பெருகிவிட்ட பழக்கம். கைப்பேசிக்கு இவ்வளவு மரியாதை தேவையில்லை.

படகு கவிழ்ந்தால் கரையை நோக்கி நீந்த முயலாதீர்கள். கரை தோன்றுவதைவிடத் தொலைவில் இருக்கும். சிறு படகுகள் பெரும்பாலும் கவிழ்ந்தும் மிதக்கும். அதைப் பற்றிக்கொண்டு, பிள்ளைகளை அருகில் சேர்த்துக்கொள்ளுங்கள். துடுப்புப் பலகையில் செல்வோர் அதன் கயிற்றைக் காலில் கட்டியிருந்தால் பலகை விலகிப் போகாது. கரையில் இருப்பவர் பதறிக் குதிப்பதால் இழப்பு இரண்டாகும்; கயிறு, சேலை, நீண்ட கழி எதையேனும் நீட்டுங்கள்.

கரையேற்றியவரைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவதும், வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்றுவதும் நம் ஊர்களில் இன்றும் நடக்கின்றன. இவற்றால் பொன்னான நிமிடங்கள் வீணாவதுடன், வயிற்றிலுள்ளது மூச்சுக்குழலில் இறங்கும் ஆபத்தும் உண்டு. மூச்சு இல்லையெனில் மல்லாக்கக் கிடத்தி, முகவாயை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து 5 முறை ஊதுங்கள். பின்னர் மார்பின் நடுவே 30 முறை அழுத்தி, 2 முறை ஊதுவதைத் தொடருங்கள். அதே வேளையில் மற்றொருவர் 108-ஐ அழைக்கட்டும். பிள்ளை கண் விழித்துப் பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நுரையீரலில் நீர் புகுந்தவருக்குச் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் தோன்றக்கூடும்.