உங்களுக்குத் தெரியுமா? கும்மிடிப்பூண்டி எத்தனை பைட்?

● ‘கும்மிடிப்பூண்டி’ நம் கண்ணுக்கு 8 எழுத்து. யூனிகோடு கணக்கிலோ 16 குறியீடுகள். துணைக்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். யுடிஎஃப்-16 முறையில் 32 பைட். யுடிஎஃப்-8 முறையில் 48 பைட். ‘திருவள்ளூர்’ 6 எழுத்து. 22 அல்லது 33 பைட்.

● ஜாவா, சி ஷார்ப் மொழிகள் சரத்தின் நீளத்தைக் கூடவே குறித்து வைத்துக்கொள்ளும். கும்மிடிப்பூண்டிக்குக் கேட்டால் 16 என்று சொல்லும். சி மொழி, பூஜ்ஜிய பைட் வந்த இடத்தில் சரம் முடிந்தது என்று கொள்ளும். ஆகவே யுடிஎஃப்-8 சரமாக சி நூலகத்துக்கு அனுப்ப 49 பைட் இடம் வேண்டும். 17 போதும் என்று ஒதுக்கினால், மிச்சம் பக்கத்து நினைவகத்தில் வழியும்.

● ஓர் ஆலையின் எடைமேடையையோ லேபிள் அச்சுப்பொறியையோ இயக்கும் சி நூலகத்தை, விண்டோஸில் சி ஷார்ப் நிரல் ‘டிஎல்எல் இம்போர்ட்’ வழியே அழைக்கிறது என்று வையுங்கள். குறியீட்டு முறையைச் சொல்லாவிட்டால் அது சரத்தை ‘ஆன்சி’க்கு மாற்றும். விண்டோஸில் தமிழுக்கென ஆன்சி குறியீட்டுப் பக்கமே கிடையாது. ஊர்ப்பெயர் பெரும்பாலும் கேள்விக்குறிகளாகவே போய்ச் சேரும்.

● அதே வேலைக்கு, 2022-இல் வந்த டாட்நெட் 7-இன் ‘லைப்ரரி இம்போர்ட்’ கறாரானது: சரத்துக்குக் குறியீட்டு முறை சொல்லாவிட்டால் நிரலைத் தொகுக்கவே விடாது.

● கோ மொழியின் ‘சி.சிஸ்ட்ரிங்’ சரத்தை சி நினைவகத்தில் நகலெடுக்கும். கோவின் குப்பை சேகரிப்பான் அதைத் தொடாது. விடுவிப்பது நிரலரின் வேலை.

● தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடுடன் டேஸ்-16 முறையையும் ஏற்றது. அதில் எழுத்துக்கு ஒரே குறியீடு; கும்மிடிப்பூண்டிக்கு 16 பைட் போதும்.

நிரலர்களே, சோதனைக்கு ஆங்கிலப் பெயர் மட்டும் போதாது. ஒரு தமிழ் ஊர்ப்பெயரையும் அனுப்பிப் பாருங்கள்!