மைக்ரோகிளியாவில் குடியேறிய வைரஸ்

‘ரத்தத்தில் வைரஸே தெரியவில்லை என்கிறது ரிப்போர்ட், அப்புறம் எதற்கு ஆயுள் முழுக்க மாத்திரை?’ என்று வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். எச்.ஐ.வி. எப்படித் தொற்றும், சி.டி.4 செல்கள் ஏன் குறைகின்றன என்பதெல்லாம் சுவர் விளம்பரத்திலிருந்து பாடப்புத்தகம்வரை சொல்லியாகிவிட்டது. மூளையைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. வைரல் லோடு பரிசோதனை ரத்தத்தில் மிதக்கும் வைரஸை மட்டுமே எண்ணும். செல்லின் டி.என்.ஏ.வுக்குள் தன் மரபணுவைச் செருகிவிட்டுச் சும்மா கிடக்கும் வைரஸ் அந்தக் கணக்கில் வராது. குழாய்த் தண்ணீரைச் சோதித்துவிட்டு மாடித் தொட்டியும் சுத்தம் என்று சொல்ல முடியாதல்லவா? நிணநீர் முடிச்சு, குடல் என்று இப்படிப்பட்ட தொட்டிகள் பல உண்டு. அவற்றில் எட்டிப் பார்க்கக் கடினமானது மூளை.

எச்.ஐ.வி. மூளைக்குப் போவது நோய் முற்றிய பிறகுதான் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அது சரியல்ல. மூளைத் திசுவிலும் தண்டுவட நீரிலும் இந்த வைரஸ் இருப்பதை 1985லேயே கண்டுவிட்டார்கள். 2012இல் வெளியான பாங்காக் ஆய்வு, தொற்றி எட்டே நாள் ஆனதாகக் கணிக்கப்பட்ட ஒருவரின் தண்டுவட நீரிலேயே வைரஸைக் காட்டியது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே கண்டதையும் உள்ளே விடாத நெருக்கமான தடுப்புச் சுவர் ஒன்று உண்டு. அதைத் தாண்டிப் போய்வர உரிமை பெற்றவை மோனோசைட் என்ற வெள்ளணுக்கள். வைரஸ் முக்கியமாக அவற்றின் வயிற்றில்தான் உள்ளே போகிறது என்று கருதப்படுகிறது. ஆய்வாளர்கள் இதற்கு வைத்த பெயர் டிராய்க் குதிரை. அந்தப் பெயர் முதலில் வந்தது எச்.ஐ.வி.க்காக அல்ல, அதன் தூரத்து உறவான, ஆடுகளின் மூளையைத் தாக்கும் விஸ்னா வைரஸுக்காக.

உள்ளே போனதும் வைரஸ் நியூரானைத் தொடுவதில்லை. நியூரானில் அதற்கு ஏற்ற கதவு கிடையாது. அது குடியேறுவது மைக்ரோகிளியா என்ற மூளைச் செல்லிலும், ரத்தக் குழாய்களை ஒட்டியிருக்கும் அதன் பங்காளிச் செல்களிலும். குப்பை பொறுக்குவது, கிருமியை விழுங்குவது, வேண்டாத நரம்பு இணைப்புகளை வெட்டுவது எல்லாம் மைக்ரோகிளியாவின் வேலை. இந்தச் செல்லின் ஆயுளை அளந்த விதம் விசித்திரமானது. 1950களிலும் 60களிலும் வல்லரசுகள் திறந்த வெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 எகிறியது. சோதனைகள் நின்றதும் ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. சாப்பாட்டு வழியே அது நம் உடம்புக்கும் வந்தது. ஒரு செல் பிறந்த ஆண்டில் காற்றில் எவ்வளவு கார்பன்-14 இருந்ததோ அந்த அளவு அதன் டி.என்.ஏ.வில் பதிந்துவிடும். இறந்தவர்களின் மூளையிலிருந்து மைக்ரோகிளியாவைப் பிரித்தெடுத்து ஸ்வீடன் விஞ்ஞானிகள் அந்தக் கணக்கைப் போட்டார்கள். 2017இல் வந்த விடை: சராசரி வயது நான்கு ஆண்டுக்குச் சற்று மேல், சில செல்கள் இருபது ஆண்டையும் தாண்டுகின்றன. ரத்தத்தில் வைரஸைப் பெருக்கும் சி.டி.4 செல் ஓரிரு நாளில் மடிந்துவிடும். மைக்ரோகிளியாவுக்குள் போனது ஆண்டுக்கணக்கில் இருக்கலாம். இன்றைய மாத்திரைகள் புதிய செல்லுக்குத் தொற்றாமல் தடுக்குமே தவிர, ஏற்கெனவே செருகப்பட்ட மரபணுவைப் பிடுங்கி எறியாது. ஆயுள் முழுக்க மாத்திரை ஏன் என்பதற்குப் பெரும் பகுதி விடை இதுதான்.

மூளையில் வைரஸின் டி.என்.ஏ. கிடைத்தால் உயிருள்ள வைரஸ் என்று ஆகிவிடுமா, உடைந்த மிச்சமாக இருக்கக்கூடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, செருகப்பட்டவற்றில் பெரும்பாலானவை உண்மையிலேயே பழுதுபட்டவை. ஆனால் அமெரிக்காவில் எச்.ஐ.வி. உள்ள சிலர், தாங்கள் இறந்தவுடன் உடலை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும்படி ‘கடைசிப் பரிசு’ என்ற திட்டத்தில் எழுதிக் கொடுக்கிறார்கள். அப்படிச் சிகிச்சையில் இருந்தபடியே இறந்தவர்களின் மூளையிலிருந்து எடுத்த மைக்ரோகிளியாவில், பெருகும் திறனுள்ள வைரஸ் இருப்பதை 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. மருத்துவமனையிலும் இதன் தடயம் உண்டு. சிலருக்கு ரத்தம் சுத்தமாக இருக்கும்; தண்டுவட நீரில் வைரஸ் ஏறியிருக்கும்; தள்ளாட்டம், குழப்பம், வலிப்பு வரும். புனே மருத்துவர்களும் இப்படிப்பட்டவர்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். மாத்திரைக் கூட்டை மாற்றினால் பலர் தேறுகிறார்கள்.

நம் நாட்டு வைரஸ் சாது, இங்கே டிமென்ஷியா அபூர்வம் என்பது இன்னொரு வாதம். அதிலும் பாதி உண்மை இருக்கிறது. இந்தியாவில் பரவியிருப்பது சி வகை. அதன் டாட் என்ற புரதத்தில் 31ஆம் இடத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் செரின் இருக்கிறது. அந்த ஓர் எழுத்து மாறியதால் மோனோசைட்டுகளை இழுக்கும் சக்தி அதற்குக் குறைவு என்று பெங்களூர் விஞ்ஞானி உதயகுமார் ரங்காவும் நிம்ஹான்ஸ் மருத்துவர்களும் 2004இல் காட்டினார்கள். அழகான கண்டுபிடிப்புதான். ஆனால் கடும் டிமென்ஷியா குறைவு என்றால் மூளை பத்திரம் என்று அர்த்தமில்லை. பெங்களூரிலும் சென்னையிலும் முறையாகச் சோதித்தபோது நினைவாற்றலிலும் வேகத்திலும் லேசான குறைகள் பலரிடம் தெரிந்தன. அமெரிக்காவில் 1,555 பேரை ஆராய்ந்த 2010ஆம் ஆண்டு அறிக்கை ஏறத்தாழ பாதிப்பேருக்கு ஏதோ ஒரு குறை என்றது. டிமென்ஷியா 2 சதவீதம்தான். அந்த ‘பாதி’ ஊதிப் பெருக்கப்பட்டது, நல்ல ஆளையும் நோயாளியாக்கும் அளவுகோல் அது என்று பிறகு கண்டனம் எழுந்தது. வயது, மது, மனச்சோர்வு, எஃபாவிரென்ஸ் போன்ற மாத்திரை ஆகியவையும் மறதியைத் தரும். ஆகவே எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு பீதி கிளப்ப வேண்டியதில்லை. மூளையில் மிச்சம் இருப்பதால் துணைக்குத் தொற்றிவிடும் என்றும் பயப்பட வேண்டாம். ரத்தத்தில் வைரஸ் அடங்கியவர்களின் துணைகளைப் பின்தொடர்ந்த ஐரோப்பிய ஆய்வில் அவர்களிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை.

நெருடுவது வேறொன்று. எச்.ஐ.வி. மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் எடை பார்க்கிறார்கள், இருமல் உண்டா என்று கேட்கிறார்கள், மாத்திரைகளை எண்ணுகிறார்கள். எண்ணிக்கை இடித்தால் ‘உங்களுக்கு அக்கறையே இல்லை’ என்று திட்டு விழுகிறது. மறந்தது அலட்சியத்தாலா, மூளையாலா என்று பிரித்துப் பார்க்கக் கூட்டத்தில் நேரமில்லை. விலை உயர்ந்த ஸ்கேன் எதுவும் முதலில் தேவைப்படாது. நாலு சொல் சொல்லிக்கொடுத்துவிட்டு ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொல்வது, விரல்களை எவ்வளவு வேகமாகத் தட்ட முடிகிறது என்று பார்ப்பது, கூட வந்தவரிடம் ‘வீட்டில் எப்படி இருக்கிறார்?’ என்று விசாரிப்பது போதும். ஆனால் கூட வந்தவருக்கு நோய் தெரியுமா என்பதை நோயாளியிடம் தனியாகக் கேட்டுக்கொண்ட பிறகே அந்தக் கடைசிக் கேள்வி.