ஏணி, தோசைத் திருப்பி, ஓட்டைக் காலணா!

சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் சுத்தியலைத் தேடுகிறோம்? நேரே சமையலறைக்குப் போய் அம்மிக் குழவியை அல்லவா தூக்கி வருகிறோம்! திருப்புளி வேண்டுமென்றால் காய் நறுக்கும் கத்தியின் முனை இருக்கவே இருக்கிறது. அறுந்த செருப்புக்கு ஊக்கு. ஒழுகும் குழாய்க்குக் கந்தல் துணி. சகோதரிகளே, இதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. இருப்பதைக் கொண்டு சமாளிப்பது நமக்குக் கைவந்த கலை.

ஆனால் அந்தக் கலையைக் கொண்டு ஒரு பெரிய வீட்டையே காப்பாற்ற முடியுமா? "ஏன் முடியாது?" என்று கேட்டாள் 83 வயதான என் அப்பத்தா. கேட்டதோடு நிற்கவில்லை, செய்தும் காட்டினாள். புரட்டாசி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நடந்த அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் கொல்லைக் கதவு என்று நீளும் செட்டிநாட்டு வீடு. முகப்பைத் தாண்டினால் வளவு. பிறகு இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு. இத்தனை பெரிய வீட்டில் இப்போது இருப்பது அப்பத்தாவும், ஒத்தாசைக்கு வரும் ஓர் அம்மாளும் மட்டுந்தான். பங்காளிகள் ஏழு பேரும் ஏழு ஊரில்.

ஒரு நாள் அப்பத்தா பின்கட்டில் இடறி விழுந்துவிட்டாள் என்று செய்தி வந்தது. நல்ல வேளை, முழங்கால் வீக்கத்தோடு போயிற்று. உடனே கைபேசிக் குழுவில் பங்காளிகள் கூடினார்கள். "வீட்டைப் பூட்டிவிடலாம்; அப்பத்தாவைச் சென்னைக்கு அழைத்து வந்துவிடலாம்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்களெல்லாம் கட்டை விரலை உயர்த்தி ஆமோதித்தார்கள். அத்தனை விரல்களில் ஒரு விரலாவது அந்த வீட்டில் ஒரு துடைப்பத்தைப் பிடித்து வருஷக்கணக்காகிறது!

அழைத்து வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் போய் இறங்கியபோது அப்பத்தா பெட்டி எதுவும் கட்டியிருக்கவில்லை.

"ஏத்தா, நான் ஏன் விழுந்தேன்னு யாராச்சும் கேட்டீகளா?" என்றாள்.

உண்மைதான். யாருமே கேட்கவில்லை.

ஒரே வியாதி

என் கையைப் பிடித்து மூன்றாம் கட்டுக்கு அழைத்துப் போனாள். தரையில் ஓர் ஆத்தங்குடிப் பூக்கல் கால் வைத்தால் ஆடியது. அங்கேதான் இடறியிருக்கிறாள். கல் ஏன் ஆடுகிறது? அடியிலுள்ள மணல் கரைந்துவிட்டது. மணல் ஏன் கரைந்தது? பக்கத்துச் சுவரில் நீர் இறங்கிப் பூச்சு உதிர்ந்து, ஈரம் தரைக்குள் போயிருக்கிறது. நீர் ஏன் இறங்கியது? சுவருக்கு நேர் மேலே கூரையில் ஓர் ஓடு விலகியிருக்கிறது. முற்றத்து வடிகால் வேறு அடைத்துக்கொண்டிருந்தது. சுவரில் ஏறிய ஈரத்தால் கதவுக் குடுமியின் இரும்புப் பூண் துருப்பிடித்து, கொல்லைக் கதவு தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

பார்த்தீர்களா? ஐந்து பழுது என்று நினைத்தது ஒரே பழுதுதான். ஓர் ஓடு விலகியது. அப்பத்தா இடறி விழுந்தாள்!

"ஐப்பசி மழைக்குள்ளே இதைச் செஞ்சிரணும்" என்றாள் அப்பத்தா. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஆம் தேதி வாக்கில் தொடங்கிவிடும். கொத்தனாரைக் கேட்டோம், தீபாவளி கழித்து வருவதாகச் சொன்னார். தீபாவளி கழித்து மழையல்லவா வந்துவிடும்? ஆகவே நாங்களே இறங்கினோம். அப்பத்தா யோசனைக்கு, நானும் அந்த அம்மாளும் கைவேலைக்கு, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வரும் பையன் ஏணிக்கு.

"மேலேயிருந்து கீழே வா, ஆத்தா. வீட்டைக் கூட்டிட்டா ஒட்டடை அடிப்பாக?"

இதுதான் முதல் பாடம். மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

காலை: கூரை

நாட்டு ஓட்டை அடுக்கும் முறை சுலபமானது. ஒரு வரிசை மல்லாந்து கிடந்து வாய்க்காலாக நீரைக் கொண்டு போகும். அடுத்த வரிசை இரண்டு வாய்க்கால்களின் ஓரத்தையும் மூடிக் கவிழ்ந்திருக்கும். குரங்கோ மயிலோ மிதித்துக் கவிழ்ந்த ஓடு விலகினால் ஒழுகும். ஓடு விலகாமலேயே, வேப்பிலைச் சருகு வாய்க்காலில் அடைத்தாலும் நீர் எதிர்த்து ஏறி உள்ளே கொட்டும்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி. நல்ல வெயிலில் கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளேயிருந்து அண்ணாந்து பாருங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் நட்சத்திரம் மாதிரி வெளிச்சம் தெரியும். அதற்கு நேரே ஒரு துடைப்பக் குச்சியைச் செருகினால் வெளியே நிற்பவருக்கு அடையாளம்.

எங்களுடைய நட்சத்திரம் இறவாணத்திலிருந்து மூன்றாவது ஓட்டில் இருந்தது. ஏணியில் நின்றபடியே கைக்கு எட்டியது. பையன் சருகை வாரித் தள்ளி, உடைந்த ஓட்டை எடுத்துவிட்டுக் கொல்லையில் அடுக்கியிருந்த பழைய ஓடுகளில் ஒன்றைச் செருகினான். கூரைமேல் காலை வைக்க அப்பத்தா அனுமதிக்கவில்லை. ஓர் ஓடு மாற்றப் போய்ப் பத்து ஓடுகளை மிதித்து உடைப்பது ஆண்பிள்ளைகளின் வழக்கம் என்பது அவள் அபிப்பிராயம்.

முற்பகல்: சுவர்

பூச்சு உதிர்ந்த இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தது. நான் கெட்டிக்காரத்தனமாகக் காரைக்குடியிலிருந்து ஒரு சிறு பொட்டலம் சிமெண்ட் வாங்கி வந்திருந்தேன். அப்பத்தா அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"சுண்ணாம்புச் சுவத்திலே சிமெண்டா? அது ஒட்டுனாப்ல இருந்து, பழசையும் பேத்துக்கிட்டு விழும்."

அவள் சொன்னது சரி. சுண்ணாம்புப் பூச்சு உள்ளே போகும் ஈரத்தைத் திரும்ப வெளியே விட்டுவிடும். சிமெண்ட் கெட்டியானது, ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்துவிடும். பூட்டிய ஈரம் பழைய காரையை அரித்துத் தின்னும்.

சுண்ணாம்புக்கு எங்கே போவது? கொல்லைத் தாழ்வாரத்தில் ஒரு மண்பானை இருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது மிஞ்சிய சுண்ணாம்பு, மேலே நான்கு விரல் நீர் நிற்க, வெண்ணெய் போலக் கிடந்தது. நீருக்கடியில் இருக்கும்வரை சுண்ணாம்பு கெடாது. காரணம் கேளுங்கள். சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுமார் 900 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் சுடும்போது அதிலிருந்து கரியமில வாயு போய்விடுகிறது. நீர் விட்டுக் குழைத்துச் சுவரில் பூசியதும், காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு பழையபடி கல்லாகிறது. நீருக்கடியில் காற்றுப் படாததால் அது காத்துக்கொண்டேயிருக்கும். வெளியூர் போன பிள்ளை வீடு திரும்புவதை ஒத்ததுதான் இது.

ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு சலித்த மணல், ஊற வைத்த கடுக்காய் நீரும் வெல்ல நீரும் சிறிது. அம்மியில் வைத்து இழைத்தோம். சுவரை முதலில் நன்றாக நனைத்து, மெல்லிசாக இரண்டு கை பூசினோம்.

"முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பாகளாமே, அப்பத்தா?"

"அது மினுக்குக்கு. பொத்தலுக்குச் சுண்ணாம்பு போதும். முட்டையை வீணாக்காதே!"

ஒரு எச்சரிக்கை: சுண்ணாம்பு கையை அரிக்கும், கண்ணில் தெறித்தால் ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். பூசிய இடத்தைச் சில நாள் ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டே இருந்தால் வெடிக்காது.

மத்தியானம்: தரை

ஆத்தங்குடிப் பூக்கல்லைச் சூளையில் சுடுவதில்லை என்பது உங்களில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்துச் சாயச் சிமெண்டை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் நிரப்பி, நீரில் ஊற வைத்து எடுக்கிறார்கள். அந்தக் கண்ணாடி கொடுத்ததுதான் அதன் பளபளப்பு. ஆகவே ஆசிட் ஊற்றிக் கழுவிவிடாதீர்கள், பூவே போய்விடும்!

கல்லை உடையாமல் பெயர்க்க வேண்டும். கொத்தனார் கரண்டி இல்லை. தோசைத் திருப்பி இருந்தது! இடுக்கில் நுழைத்து நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினோம். கல் முழுசாக எழுந்து வந்தது. அடியில் உள்ளங்கை அளவு பள்ளம். சுண்ணாம்பும் மணலும் கலந்து நிரப்பி, கல்லை வைத்து, உள்ளங்கையால் தட்டி அமர்த்தினோம். மட்டம் பார்க்க ரசமட்டம் வேண்டுமே? பையனின் சட்டைப் பையில் கோலிக்குண்டு இருந்தது. கல்லின் மேல் வைத்தோம், உருளாமல் நின்றது.

அந்தக் கல்லைச் சுற்றி நான்கு முக்காலிகளைப் போட்டு, மூன்று நாளைக்கு யாரும் மிதிக்கக் கூடாதென்று அப்பத்தா உத்தரவிட்டாள்.

சாயங்காலம்: கதவும் வடிகாலும்

கொல்லைக் கதவு பர்மாத் தேக்கு. கீல் கிடையாது, அடியில் குடுமி, குடுமிக்கு ஒரு குழி. குடுமியின் இரும்புப் பூண் துருவேறித் தேய்ந்ததால் கதவு தாழ்ந்துவிட்டது. இரும்பும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு. இந்தத் துருவை ஆராய்வதற்கென்றே ஒரு கூட்டம் விஞ்ஞானிகள் எங்கள் காரைக்குடியில் இருக்கிறார்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் அஸ்திவாரம் போட்டு 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது. அப்பத்தாவின் ஆராய்ச்சி நிலையம் அவளுடைய சுருக்குப் பை. அதிலிருந்து இரண்டு ஓட்டைக் காலணாக்களை எடுத்தாள். 1943 முதல் 1947 வரை அடித்த வெண்கலக் காசு. கடப்பாரையைக் கதவுக்கு அடியில் கொடுத்து நாங்கள் மூவரும் நெம்ப, அவள் குழிக்குள் காசுகளைத் தள்ளினாள். கதவு அரை விரல் உயர்ந்தது. ஒற்றை விரலால் தள்ளத் திறந்தது.

கதவுக்கு நாதாங்கி இல்லை. அதை முந்தின நாளே காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கியிருந்தேன். பழம்பொருள் கடைகளுக்குப் பேர்போன தெரு அது. கதவு, தூண், நிலைக்கண்ணாடி, பீங்கான் டப்பா என்று எல்லாம் கிடைக்கும். வாங்கும்போது குதூகலமாகத்தான் இருந்தது. வீட்டில் பொருத்தும்போதுதான் மனம் சங்கடப்பட்டது. இந்த நாதாங்கி எந்த வீட்டுக் கதவில் இருந்ததோ? அந்த வீட்டிலும் ஓர் ஓடுதானே முதலில் விலகியிருக்கும்?

இந்த வீடுகளைக் கட்டிய பணம் பெரும்பாலும் கடல் கடந்து வந்தது. 1942-ல் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. பர்மா சுதந்திரம் பெற்ற 1948-க்குப் பின் அங்கிருந்த நிலங்களும் கைவிட்டுப் போயின. வீடுகள் நின்றன, வருமானம் நிற்கவில்லை. பங்கு பிரிந்தது, பூட்டு விழுந்தது, பிறகு சட்டம் சட்டமாகக் கழற்றி விற்கும் காலமும் வந்தது. 2014-ல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றன. பெருமைதான். ஆனால் பட்டியல் வந்து ஓடு மாற்றித் தருமா?

கடைசியாக முற்றத்து வடிகால். பிளந்த மூங்கில் சிம்பை விட்டுக் குத்தினோம். சருகு, அணில் கூட்டுப் பஞ்சு, எப்போதோ காணாமற்போன என் சின்ன வயதுச் செப்புச் சாமான் ஒன்று, எல்லாம் வந்தன. நான்கு வாளி நீர் ஊற்றிப் பார்த்தோம். கலகலவென்று தோட்டத்துக்கு ஓடியது.

இரவு: பரீட்சை

ஒன்பது மணிக்கு இடி இடித்தது. மழை! நான் விளக்கை எடுத்துக்கொண்டு மூன்றாம் கட்டுக்கு ஓடினேன். புது ஓட்டுக்கு அடியில் சுவர் நனையவில்லை. முற்றத்தில் நீர் தேங்கவில்லை. வெற்றி, வெற்றி என்று கூவ வாயெடுத்தேன். அப்போது இரண்டாம் கட்டில் 'டொக்' என்று ஒரு சொட்டு விழுந்தது.

அப்பத்தா சிரித்தாள். ஒரு பித்தளைக் குண்டானைக் கொண்டு வந்து சொட்டுக்கு நேரே வைத்தாள்.

"அதுக்கென்ன, ஆத்தா? நாளைன்னு ஒரு நாள் இருக்குல்ல?"

நான் பங்காளிகளுக்கு அன்றிரவே எழுதினேன்: "அப்பத்தா வரவில்லை. கல் ஆடவில்லை. ஆளுக்கு வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து வேலை செய்ய வேண்டும், தேதி சொல்லுங்கள்." இந்தத் தடவை விரல் உயர்த்தினால் போதாது என்று கண்டிப்பாகவும் எழுதினேன். மூன்று பேரிடமிருந்து தேதி வந்திருக்கிறது. மற்ற நால்வர் இன்னும் யோசிக்கிறார்கள்.

உங்கள் வீடு மாடிக் குடியிருப்பில் இரண்டு அறையாக இருக்கலாம். ஆனாலும் எங்கேயோ ஒரு சொட்டு விழுந்துகொண்டுதான் இருக்கும். அது எங்கிருந்து வருகிறது என்று மேலே பாருங்கள். மின்சாரக் கம்பி, கரையான் தின்ற உத்தரம், உயரமான கூரை: இவற்றுக்குக் கட்டாயம் தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். மற்றதற்கு உங்கள் கையே போதும்.

தோசைத் திருப்பியை மட்டும் பிறகு நன்றாகக் கழுவி வையுங்கள். மறுநாள் காலை எங்கள் தோசையில் சுண்ணாம்பு வாசனை அடித்தது!