வாடிக்கையாளருக்காக வரையும் அசையாப் பொருள் ஓவியம்

காய், கனி, பூ, பாத்திரம் போன்ற அசையாத பொருள்களை எதிரில் வைத்து, நேரில் பார்த்து வரையும் ஓவியம் அசையாப் பொருள் ஓவியம் எனப்படும். ஓவியக் கல்லூரிகளில் இதனை ‘ஸ்டில் லைஃப்’ என்றே வழங்குவர். ஓவியர் தம் விருப்பத்திற்கு வரைவது ஒரு வகை. ஒருவர் பணம் கொடுத்து, இன்னது வேண்டும் என்று சொல்லி வரைவித்துக்கொள்வது மற்றொரு வகை. இரண்டாவது வகையில், படம் எப்படி இருக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது, முடிந்த படம் யாருக்கு உரியது, அதில் யாருடைய பெயர் நிற்கும் என்னும் கேள்விகள் எழுகின்றன. குற்றாலத்தோடு தொடர்புடைய 19ஆம் நூற்றாண்டுச் செடிப் படங்கள் இவற்றை விளங்கிக்கொள்ள நல்ல எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் அசையாப் பொருள் ஓவியம் தனிப் பிரிவாக வளர்ந்தது. வணிகத்தால் செல்வம் சேர்த்த குடும்பங்கள் தம் வீட்டுச் சுவர்களுக்கு மலர்க் கொத்துகளையும் உணவு மேசைகளையும் காட்டும் படங்களை வாங்கின. தமிழகத்தில் கோயில் சுவரோவியங்களின் பொருள் பெரும்பாலும் தெய்வங்களும் புராணங்களுமே. குற்றாலம் சித்திர சபையின் சுவர்களில் இம்மரபை இன்றும் காணலாம்.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் செடி, பறவை, விலங்கு ஆகியவற்றை உள்ளபடியே வரைவித்துத் தொகுக்கும் வழக்கம் பரவியது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியும் இத்தகைய படங்களை வரையச் செய்தார். பின்னர் 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் ஓவியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதுவே இன்று எழும்பூரில் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரி.

ராபர்ட் வைட்டும் குற்றாலமும்

ஸ்காட்லாந்தில் 1796இல் பிறந்த ராபர்ட் வைட், 1819இல் கம்பெனியின் உதவி அறுவை மருத்துவராகச் சென்னை மாகாணத்திற்கு வந்தார். அவருடைய ஆர்வம் தாவரவியலில் இருந்தது. 1830களின் நடுப்பகுதியில் பாளையங்கோட்டையில் படைப்பிரிவு மருத்துவராக இருந்தபோது, குற்றால மலைகளில் செடிகளைத் திரட்டினார். அங்குள்ள தாவரங்களைப் பற்றிச் சென்னை ஆய்விதழ் ஒன்றில் கட்டுரையும் எழுதினார்.

செடியைக் காகிதத்தில் அழுத்தி உலர்த்தினால் நிறம் போய்விடும். பூவின் வடிவமும் மாறிவிடும். ஆகவே செடி வாடுவதற்குள் அதை வரைந்துகொள்ள ஓவியர் தேவைப்பட்டார். வைட் தம் பணத்தில் ஓவியர்களை அமர்த்திக்கொண்டார். 1820களின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ரங்கையா என்பவரும், அவருக்குப் பின் கோவிந்து என்பவரும் அவருக்காக வரைந்தனர். இவர்கள் தெலுங்கு பேசும் ஓவியர் மரபைச் சேர்ந்தவர்களாகக் கருதப்படுகின்றனர்.

1838 முதல் 1853 வரை வைட் சென்னையில் வெளியிட்ட ‘ஐகோனெஸ் பிளாண்டாரம் இந்தியே ஓரியண்டாலிஸ்’ என்னும் நூல்வரிசையில் 2,101 படங்கள் உள்ளன. ஓவியர் காகிதத்தில் வரைந்ததைக் கல்லச்சில் படியெடுத்து இப்படங்களை அச்சிட்டனர். குற்றாலத்துச் செடிகளும் இவற்றுள் அடங்கும். இந்த ஓவியர்களின் நூற்றுக்கணக்கான மூலப் படங்கள் எடின்பரோ அரச தாவரவியல் பூங்காவில் பாதுகாக்கப்படுகின்றன.

கேட்பவரின் தேவையும் வரைபவரின் கையும்

செடிப் படமும் அசையாப் பொருள் ஓவியமும் ஒன்றல்ல. முன்னதில் பின்னணியோ மேசையின் நிழலோ இராது. வெள்ளைத் தாளில் ஒரே செடியின் இலை, பூ, காய், விதை ஆகியன தெளிவாகத் தெரிய வேண்டும். பின்னதில் பொருள்களின் அடுக்கும், ஒளியும் நிழலும் முதன்மை பெறும். ஆயினும் எதிரில் உள்ள உண்மைப் பொருள், அது வாடுவதற்குள் முடிக்க வேண்டிய கெடு, பணம் கொடுப்பவரின் நோக்கம் ஆகிய மூன்றும் இரண்டிற்கும் பொது.

வைட்டின் நோக்கம் அடையாளம் காண்பது. மகரந்தத் தாள்கள் எத்தனை, சூலகத்தில் எத்தனை அறைகள் என்பவை பிழையின்றி இருக்க வேண்டும். இந்த வரம்பிற்குள்ளும் ஒரு கிளையைத் தாளில் எப்படிச் சாய்ப்பது, எந்த இலையைத் திருப்பி அடிப்புறம் காட்டுவது என்பன ஓவியரின் கைத்திறனுக்கு உரியவை. கேட்பவர் தேவையைச் சொல்லலாம். அதைத் தாளில் நிறைவேற்றும் வழி வரைபவருடையது. ஆர்டர் ஓவியத்தின் அடிப்படை இதுவே.

இன்றைய ஆர்டர்: படிநிலைகள்

தென்காசிக்குக் கிழக்கே திருநெல்வேலிச் சாலையில் உள்ள பாவூர்சத்திரம், காய்கறிச் சந்தைக்குப் பெயர்பெற்ற ஊர். அச்சந்தைக்கு வரும் காய்கறிகளை வைத்து, ஓர் உணவகச் சுவருக்கு எண்ணெய் வண்ண ஓவியம் கேட்கப்படுவதாகக் கொள்வோம். வேலை பின்வருமாறு நடக்கும்.

1. தேவையை அறிதல்: படம் மாட்டப்படும் சுவரின் அளவு, அங்கு விழும் வெளிச்சம், விருப்பமான பொருள்கள், முடிக்க வேண்டிய நாள் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

2. மாதிரி: உள்ளங்கை அளவில் இரண்டு மூன்று பென்சில் மாதிரிகள் வரைந்து, ஒன்றிற்கு ஒப்புதல் பெற வேண்டும். அதன்பின் கேட்கப்படும் பெரிய மாற்றங்களுக்குத் தனிக் கூலி என்பதை அப்போதே சொல்லிவிடுவது நல்லது. ஒரு பகுதியை முன்பணமாகப் பெறுவது வழக்கம்.

3. அடுக்குதல்: தக்காளி, கத்தரி, மிளகாய், சின்ன வெங்காயம், ஒரு பித்தளைச் செம்பு எனச் சில பொருள்களே போதும். ஒளி ஒரே பக்கத்திலிருந்து விழ வேண்டும். வடக்குப் பார்த்த சன்னல் ஏற்றது. அங்கு நேர் வெயில் குறைவாக இருப்பதால் நிழல் அதிகம் நகராது. ஒவ்வொரு பொருளும் இருக்கும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டால், வாடியதை எடுத்துவிட்டு அதே இடத்தில் வேறொன்றை வைக்கலாம்.

4. வரையும் வரிசை: முதலில் கெடுவதை முதலில் வரைய வேண்டும். கறிவேப்பிலை, மல்லித்தழை, பூக்கள் சில மணி நேரத்தில் தளரும். கத்தரியின் பளபளப்பு ஓரிரு நாளில் மங்கும். வெங்காயம் பல நாள் தாங்கும். செம்பு காத்திருக்கும். ஒளிப்படம் எடுத்து வைப்பது உதவும் என்றாலும், அதில் நிழல்கள் கருத்துப்போய், உள்ளே இருக்கும் நிறங்கள் மறைந்துவிடும்.

5. உலர்த்துதல்: அக்ரிலிக் வண்ணம் விரைவில் உலரும். எண்ணெய் வண்ணம் மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஈரமாக இருக்கும். இறுதி வார்னிஷ் பூச ஆறு மாதம்வரை பொறுப்பது மரபு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான சாரல் காலத்தில் இப்பகுதியின் காற்றில் ஈரம் மிகுதி. அப்போது நீர்வண்ணத் தாள் நெளியும், பூஞ்சையும் பிடிக்கலாம். கெடு சொல்லும்போது இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

படம் யாருடையது?

படத்தை வாங்குவது வேறு, அதன் பதிப்புரிமை வேறு. பொதுவாகப் படைத்தவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர். ஆனால் 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒரு விதிவிலக்கைத் தருகிறது. ஒருவர் கேட்டுக்கொண்டபடி, பணம் பெற்று ஓவியம் வரையப்பட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கேட்டவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் ஆவார்.

இதன் விளைவு பெரிது. உணவக உரிமையாளர் அப்படத்தைக் காலண்டரிலும் உணவுப் பட்டியலிலும் அச்சிடலாம்; ஓவியர் அதன் படிகளை விற்க முடியாது. இந்த உரிமை தமக்கு வேண்டும் என்று நினைக்கும் ஓவியர், வேலை தொடங்குமுன் அதை எழுத்தில் பெற வேண்டும். ஒரு பக்க ஒப்பந்தமே போதும்.

பணம் கொடுப்பதால் மட்டும் கைமாறாத உரிமை ஒன்றும் உண்டு. அச்சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி, பதிப்புரிமை பிறரிடம் இருந்தாலும், ‘இதை வரைந்தவன் நான்’ என்று உரிமை கோரவும், தம் மதிப்புக்குக் கேடாகப் படத்தைச் சிதைப்பதைத் தடுக்கவும் ஓவியருக்கு இயலும்.

பெயர் நிற்பது

கம்பெனிக் காலத்தில் அதிகாரிகளுக்காக வரைந்த இந்திய ஓவியர் பலரின் பெயர் இன்று தெரியவில்லை. படத் தொகுப்புகள் வரைவித்தவரின் பெயராலேயே அறியப்படுகின்றன. வைட்டின் நூல்களில் நிலை சற்று வேறு. படங்களின் அடியில் ரங்கையா, கோவிந்து ஆகியோரின் பெயருக்குப் பக்கத்தில் ‘டெல்’ என்ற சுருக்கம் அச்சாகியுள்ளது. ‘வரைந்தவர்’ என்னும் பொருள் தரும் இலத்தீன் சொல்லின் சுருக்கம் அது. மேலும் 1853இல் ஓர் ஆர்க்கிட் பேரினத்திற்குக் ‘கோவிந்தூயியா’ என்று வைட் பெயரிட்டார். அது இன்று ‘ட்ரோபிடியா’ பேரினத்தில் அடக்கப்பட்டுவிட்டது.

அறிவியல் வகைப்பாட்டில் ஒரு பெயர் மாறலாம். படத்தின் அடியில் அச்சான பெயர் மாறவில்லை. அந்த ஒரு சொல் இருப்பதாலேயே, நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் இந்தப் படங்களை வரைந்தவர் யார் என்று சொல்ல முடிகிறது. ஆர்டருக்கு வரையும் ஓவியரும் விலையும் கெடுவும் பேசும்போதே, கையெழுத்து படத்தின் எந்த மூலையில் இருக்கும் என்பதையும் பேசி முடிப்பது நல்லது.