'அன்லிமிடெட் ஜெம்ஸ்' தரும் ஏபிகே: இன்ஸ்டால் செய்யும் முன்...

வீட்டில் க்ளாஷ் ஆஃப் கிளான்ஸ் விளையாடும் பிள்ளை இருந்தால், 'அன்லிமிடெட் ஜெம்ஸ்' என்ற பேச்சு உங்கள் காதிலும் விழுந்திருக்கும். வகுப்புத் தோழன் வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே ஃபைல் அனுப்புவான். அதை இன்ஸ்டால் செய்தால் காசு கொடுக்காமலே ஜெம் கொட்டுமாம்!

கொட்டாது. பின்லாந்தின் சூப்பர்செல் நிறுவனம் 2012ல் வெளியிட்ட இந்த கேமில், உங்கள் ஜெம் எத்தனை என்ற கணக்கு போனில் இல்லை. அந்நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. போனில் உள்ள ஆப்பை மாற்றினால் அந்தக் கணக்கு மாறாது. இப்படி வரும் ஏபிகேக்களில் சில, வேறு யாரோ நடத்தும் தனி சர்வரில் உங்களைச் சேர்த்துவிடும். அங்கே ஜெம் நிறைய இருக்கும். ஆனால் நீங்கள் மாதக்கணக்கில் கட்டிய கிராமம் அங்கே இருக்காது. மற்றவை ஒன்றுமே தராது, எடுத்துக்கொள்ளத்தான் வருகின்றன.

அடையாளம் காண ஒரு வழி உண்டு. ஒவ்வொரு ஆண்ட்ராய்டு ஆப்பிலும் அதைத் தயாரித்தவரின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். கையொப்பம் வேறாக இருந்தால், பழைய ஆப்பின் மேல் புதியது அப்டேட் ஆகாது. "முதலில் ஒரிஜினலை நீக்குங்கள்" என்று சொன்னால், அது வேறு கை பட்ட ஃபைல் என்று புரிந்துகொள்ளுங்கள். பெயரையே மாற்றி வருபவை இதில் சிக்காது என்பதும் உண்மை.

வெளியிலிருந்து இன்ஸ்டால் செய்வதே தவறு என்று சொல்ல வரவில்லை. அன்சிவ், மைண்டஸ்ட்ரி போன்ற ஓப்பன் சோர்ஸ் வியூக விளையாட்டுகள் எஃப்-டிராய்டில் இலவசமாகவே கிடைக்கின்றன. இந்தியாவில் க்ளாஷ் ஆஃப் கிங்ஸ் 2020 ஜூன் 29 அன்றும், ரைஸ் ஆஃப் கிங்டம்ஸ் செப்டம்பர் 2 அன்றும் தடை செய்யப்பட்ட நிலையில், அவற்றின் பெயரில் வரும் ஏபிகேக்களிடம் கூடுதல் கவனம் தேவை.

பிள்ளை விளையாடுவது பெரும்பாலும் வாப்பாவின் போனில். வங்கி ஓடிபி வருவதும் அதே போனில்தான். ஒரு கேமுக்கு எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி எதற்கு? அக்ஸசிபிலிட்டி அனுமதி இன்னும் ஆபத்தானது. திரையில் தெரிவதைப் படிக்கவும், உங்களுக்குப் பதிலாகப் பட்டனை அழுத்தவும் அதனால் முடியும். ஆண்ட்ராய்டு 8 முதல், வெளி ஆப்களை இன்ஸ்டால் செய்யும் அனுமதி ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி. வாட்ஸ்அப்புக்கும் பிரவுசருக்கும் அதை ஆஃப் செய்து வையுங்கள்.

ஏற்கெனவே இன்ஸ்டால் ஆகிவிட்டதா? நெட்டைத் துண்டித்துவிட்டு, வேறு போனிலிருந்து வங்கிக்குத் தகவல் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930க்கு அழையுங்கள். ஆப்பை நீக்க முடியாமல் அடம்பிடித்தால், போட்டோக்களை எடுத்து வைத்துவிட்டு போனை ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்கள்.