அகழியில் ஒரு போர், பத்திரிகையில் ஒரு போர்

1916ஆம் ஆண்டு யூலை மாதம் 1ஆம் திகதி காலை ஏழரை மணிக்கு, பிரான்சு நாட்டின் சொம் நதிப் பிரதேசத்திலே பிரித்தானியப் படையினர் தம் அகழிகளை விட்டு மேலேறி எதிரியை நோக்கி நடந்தனர். மாண்டோரும் காயமுற்றோரும் காணாமற்போனோருமாக அன்று ஒரு நாளில் அப்படை இழந்தோர் தொகை 57,470. அவர்களுள் மாண்டவர் மட்டும் 19,240 பேர். பிரித்தானிய இராணுவத்தின் நீண்ட வரலாற்றில் அதனினும் கொடிய நாள் ஒன்று இல்லை.

இலண்டன் மாநகரிலோ அந்நாள் வேறொரு நாளாகவே அறியப்பட்டது. தாக்குதல் செவ்வனே நடைபெறுகிறது, எதிரியின் முன்னணி பல மைல் தூரத்துக்குக் கைப்பற்றப்பட்டுள்ளது என்ற தொனியிலேயே பத்திரிகைகள் எழுதின. லங்காஷயரிலுள்ள அக்ரிங்டன் என்னும் ஆலைத் தொழில் நகரின் கதை இதற்கு ஓர் உதாரணம். ஒரே தெருவில் வளர்ந்தோரும் ஒரே ஆலையில் உழைத்தோரும் ஒன்றாகச் சேர்ந்து அமைத்த பட்டாளம் ஒன்று அவ்வூரிலிருந்து சென்றிருந்தது. அன்று காலை செர் என்ற கிராமத்தை நோக்கிச் சென்ற அவ்வணியினர் ஏறத்தாழ 700 பேர். அவர்களுள் 584 பேர் கொல்லப்பட்டோ காயமுற்றோ காணாமற்போயோ விட்டனர். பத்திரிகை வெற்றியைப் பேசிற்று. காயமுற்றவர்களின் கடிதங்கள் வேறொன்றைப் பேசின. ஊரார் திரண்டு நகரபிதாவின் வீட்டைச் சூழ்ந்துகொண்டு, உண்மையைச் சொல்லும்படி கேட்டனர் என்பர்.

இவ்வளவு பெரிய வேறுபாடு எவ்வாறு உண்டாயிற்று? நிருபர்கள் பொய்யர்கள் என்று கூறிவிடுவது எளிது. ஆனால் அது முழு விடையாகாது. 1914இல் போர் தொடங்கியபோது யுத்த மந்திரியாயிருந்த கிச்சினர் பிரபு நிருபர்களைப் போர்முனைக்கு அண்ட விடவில்லை. இராணுவ அதிகாரி ஒருவரே ‘கண்கண்ட சாட்சி’ என்ற பெயரில் செய்தி எழுதி அனுப்பினார். 1915இலேயே ஒரு சில நிருபர்களுக்கு அனுமதி கிடைத்தது. அவர்களுக்கு அதிகாரிகளின் உடுப்பு, கையிலே பச்சைப் பட்டி, மோட்டார் வண்டி, தங்குவதற்கு நல்ல மாளிகை யாவும் வழங்கப்பட்டன. தணிக்கை அதிகாரிகளும் அவர்களுடனேயே தங்கினர். ஒரே மேசையில் உணவருந்தியவர்களிடையே நட்பு வளர்ந்தது. அந்நிருபர்களுள் ஒருவரான பிலிப் கிப்ஸ், தம் எழுத்துக்குத் தணிக்கையாளரே தேவைப்படவில்லை, தாமே தம்மைத் தணிக்கை செய்துகொண்டோம் என்று போருக்குப் பின் எழுதினார். கட்டாயத்தைக் காட்டிலும் இந்த விருப்பமான மௌனமே கவலைக்குரியது.

அகழியிலிருந்தவர்கள் இதனை அறியாதவர்களல்லர். இலண்டன் பத்திரிகைகள் ஓரிரு நாளில் போர்முனைக்கு வந்துவிடும். தாம் நேற்று முன்தினம் பட்ட பாட்டைச் சேற்றில் அமர்ந்தபடி பத்திரிகையில் வாசிக்கும் வினோதமான வாய்ப்பு அவர்களுக்கிருந்தது. ‘டெயிலி மெயில்’ பத்திரிகையின் நிருபர் வில்லியம் பீச் தோமஸ் எழுதியவை அவர்களுக்கு மிகுந்த எரிச்சலை மூட்டின. களத்தில் இறந்து கிடக்கும் பிரித்தானிய வீரனிடத்தும் பிறரிடம் இல்லாத ஓர் உறுதி தோன்றுவதாக எழுதியவர் அவர். பிணங்களின் நடுவே உறங்கி எழுந்தவனுக்கு இத்தகைய வரி ஆறுதலளிக்குமா?

பெல்ஜியத்தில் ஈப்ர் என்னும் பாழடைந்த நகரத்தை ஆங்கிலச் சிப்பாய்கள் தம் நாவுக்கேற்ப ‘வைப்பர்ஸ்’ என்று அழைத்தனர். அங்கே இடிபாடுகளிடையே கைவிடப்பட்ட அச்சியந்திரம் ஒன்று ஷெர்வுட் பொறெஸ்டர்ஸ் படையைச் சேர்ந்த கப்டன் ரொபேட்ஸ், லெப்டினன்ற் பியர்சன் ஆகியோரின் கைக்கு அகப்பட்டது. 1916 பெப்ரவரியில் அவர்கள் ‘வைப்பர்ஸ் ரைம்ஸ்’ என்ற பத்திரிகையை வெளியிட்டனர். எறிகணைகள் விழும் தூரத்தில் அச்சான ஏடு அது. பீச் தோமஸின் பெயரின் முதலெழுத்துக்களை மாற்றி ‘ரீச் போமஸ்’ என்றொரு நிருபரைப் படைத்து, அவருடைய வீராவேச நடையை அதில் நையாண்டி செய்தனர். இரத்தம் தோய்ந்த குன்று ஒன்றை நல்ல காற்றோட்டமுள்ள குடியிருப்பு நிலம் என்று விற்கும் விளம்பரமும், வெற்றி நிச்சயம் என்ற நம்பிக்கையை ஒரு நோயாகக் கொண்டு அதற்குச் சிகிச்சை கூறும் விளம்பரமும் அதில் வந்தன. சிப்பாய்கள் வெறுத்தது தவறான செய்தியை மட்டுமன்று. அந்த ஓயாத உற்சாகத்தையே அவர்கள் வெறுத்தனர்.

ஆயினும் வீட்டாரின் அறியாமைக்குப் பத்திரிகை மட்டுமே பொறுப்பாகாது. சிப்பாயின் கடிதங்களை அவனுடைய சொந்த அதிகாரியே வாசித்துத் தணிக்கை செய்தார். அதற்கும் நேரமில்லாதபோது அச்சடித்த தபாலட்டை ஒன்று இருந்தது. தான் நலம் என்றும், வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டுள்ளான் என்றும், கடிதம் கிடைத்தது என்றும் அதில் வசனங்கள் அச்சாகியிருக்கும். வேண்டாதவற்றை வெட்டிவிட்டுக் கையொப்பமும் திகதியும் இட வேண்டும். வேறொரு சொல் சேர்த்தாலும் அட்டை அழிக்கப்படும். நண்பனைப் பறிகொடுத்தவனும் அந்த அட்டையில் நலம் என்றே தெரிவித்தான். தணிக்கை இல்லாதிருந்தாலும் பலர் அவ்வாறே எழுதியிருப்பார்கள். தாயை அச்சுறுத்த எந்த மகன் விரும்புவான்?

இதன் விளைவு விடுமுறையிலேதான் வெளிப்பட்டது. நேற்று அகழியில் நின்றவன் இன்று இலண்டன் விக்டோரியா நிலையத்தில் இறங்கினான். கடலின் அப்பால் முழங்கிய பீரங்கியொலி இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையோரத்தில் கேட்கும் நாட்களும் இருந்தன. தூரம் அவ்வளவு குறைவு. ஆனால் வீட்டில் உண்ணும்போதும் உரையாடும்போதும் அந்தத் தூரம் கடக்க முடியாததாயிற்று. வீட்டார் பேசியது பத்திரிகையின் மொழி. போரிலிருந்து திரும்பிய எழுத்தாளர் ரொபேட் கிறேவ்ஸ், அம்மொழி தமக்கு அந்நிய மொழியாயிருந்ததென்றும், பெற்றோருடன் மனம் விட்டுப் பேசுவது ஏறக்குறைய இயலாததாயிற்றென்றும் பின்னர் எழுதினார். எதிரியைச் சபிப்பதிலும் வீட்டிலிருந்தவர்களே முந்திநின்றனர். எதிரே அதே சேற்றில் நனையும் ஜேர்மானியச் சிப்பாயின் நிலையை அகழிவாசி அவர்களிலும் நன்கு உணர்ந்திருந்தான். விடுமுறை முடியுமுன்னரே தோழர்களிடம் திரும்ப விரும்பியோரும் உளர்.

உண்மை ஒருவருக்கும் தெரியாதிருந்தது என்று கூறுவதற்கில்லை. 1917 டிசம்பரில் பிலிப் கிப்ஸ் இலண்டனில் ஒரு விருந்திலே தாம் கண்டவற்றை ஒளிவின்றி எடுத்துரைத்தார். கேட்டிருந்தவர்களுள் பிரதம மந்திரி லொயிட் ஜோர்ஜும் ஒருவர். மக்கள் உண்மையை அறிந்தால் போர் நாளையே நின்றுவிடும். ஆனால் அவர்கள் அறியார், அறியவும் இயலாது என்று அவர் ‘மன்செஸ்ரர் கார்டியன்’ ஆசிரியர் ஸ்கொட்டிடம் கூறினார். மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த சிலருக்குக் கிப்ஸ் சொன்னதை அவருடைய பத்திரிகையை வாங்கிய இலட்சக்கணக்கானோர் போர் முடிந்த பின்னரே, அவர் எழுதிய நூல் வாயிலாக அறிந்தனர்.

பீச் தோமஸும் மௌனமாயிருக்கவில்லை. சொம் போரின் முதல் நாட்களைப் பற்றித் தாம் அனுப்பிய செய்திகள் பெரும்பாலும் உண்மைக்குப் புறம்பானவை என்றும், இராணுவம் தந்த தகவலே பிழையானது என்றும், எழுதியதை எண்ணித் தாம் ஆழ்ந்த வெட்கமுற்றதாகவும் 1925இல் வெளியிட்ட நூலில் அவர் ஒப்புக்கொண்டார். பெரிய எழுத்துத் தலைப்புகளும் அவற்றின் கீழ் அச்சான தம் பெயரும் அந்த வெட்கத்தைக் குறைக்கவில்லை என்றார். போர்க்காலத் தொண்டுக்காக அரசாங்கம் 1920இல் அவருக்கும் கிப்சுக்கும் ‘சேர்’ பட்டம் வழங்கியிருந்தது.