இடமா, வலமா?

பிள்ளைகளே, கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு ஒரு கதிரையில் இருங்கள். தலை அசையக்கூடாது. தங்கச்சி உங்களுக்கு நேர் முன்னாலோ நேர் பின்னாலோ நின்று திறப்புக்கோர்வையைக் கிலுக்கட்டும். சத்தம் எங்கிருந்து வருகிறது? பலர் தடுமாறுவார்கள். முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும் ஒலி இரண்டு காதுகளுக்கும் ஒரே நேரத்தில் வந்து சேருவதுதான் காரணம். தலையைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள், பிடிபட்டுவிடும்.

நீர்மூழ்கிக் கப்பலுக்கும் இதுபோன்ற தடுமாற்றம் உண்டு; அதற்கோ இடமா, வலமா என்பதுதான் கேள்வி. தன் இயந்திர இரைச்சல் காதை அடைக்காமல் இருக்க, அது நீண்டதொரு வடத்தைப் பின்னால் இழுத்துச் செல்லும். அதில் வரிசையாக ஒலிவாங்கிகள் இருக்கும். கடலில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 1500 மீற்றர் ஓடும். 3 மீற்றர் இடைவெளியில் உள்ள இரண்டு ஒலிவாங்கிகளை எடுப்போம். நேர் முன்னாலிருந்து வரும் ஒலி ஒன்றைத் தொட்டு, ஒரு செக்கனின் ஆயிரத்தில் 2 பங்கு நேரம் கழித்து மற்றதைத் தொடும். நேர் பக்கவாட்டிலிருந்து வந்தால் இரண்டையும் ஒன்றாகத் தொடும். இந்தத் தாமதத்தை அளந்தே கோணத்தைக் கணிக்கிறார்கள்.

ஆனால் வடம் ஒரு நேர்கோடு. நேர் முன்திசையிலிருந்து வலப்பக்கம் 40 பாகையில் வரும் ஒலிக்கும் இடப்பக்கம் 40 பாகையில் வரும் ஒலிக்கும் ஒரே தாமதம்தான்!

வெள்ளவத்தைக்கு நேரே ஆழ்கடலில் ஒரு கப்பல் வடக்கு நோக்கிப் போவதாக வைத்துக்கொள்வோம். 40 பாகையில் ஒரு சத்தம். வலம் என்றால் கரைப்பக்கம், இடம் என்றால் திறந்த கடல். கப்பல் இப்போது வலப்பக்கம் 30 பாகை திரும்புகிறது. சத்தம் கரைப்பக்கம் என்றால் கோணம் 10 பாகையாகச் சுருங்கும். கடல்பக்கம் என்றால் 70 பாகையாக விரியும். குழப்பம் தீர்ந்தது. புதிதாக ஒரு கருவியும் வாங்காமல், திரும்பியே விடை காணும் இந்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனாலும் திரும்பும்போது நீண்ட வால் வளைந்துவிடும். அது மறுபடி நேராகும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் சில புதிய வடங்களில் ஓரிடத்துக்கு ஒன்றாக இல்லாமல், மும்மூன்று ஒலிவாங்கிகளை முக்கோணமாக வைக்கிறார்கள். எந்தப் பக்கத்து ஒலிவாங்கி முதலில் கேட்டது என்று பார்த்தால் போதும்.

கடலுக்குள் நிலையாகப் பொருத்திய ஒலிவாங்கிகளால் திரும்பவே முடியாது. அவற்றுக்கும் முக்கோணமே துணை. நமக்குத் தெற்கே, தியேகோ கார்சியா தீவுக்கு அருகே, அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க மூன்று ஒலிவாங்கிகளைச் சுமார் 2 கிலோமீற்றர் இடைவெளியில் முக்கோணமாக வைத்திருக்கிறார்கள். குண்டுச் சத்தத்துக்காக வைத்த அந்தக் காதுகளில் நீலத்திமிங்கிலங்களின் பாட்டும் விழுகிறது. 1984இல் திருகோணமலைக் கடலில் பதிவான 'இலங்கை வகை'ப் பாட்டும் அதில் அடங்கும். மூன்று ஒலிவாங்கிகளையும் பாட்டு தொடும் நேரங்களை ஒப்பிட்டு, திமிங்கிலம் எந்தத் திசையில் பாடுகிறது என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள்.